செவலைக் கன்று மயிலையாகும் மாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

மரபணுத் திருத்தம் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மாட்டிலிருந்து தொடங்குகிறேன். என் ஆராய்ச்சியும் மாட்டிலிருந்துதான் தொடங்கியது.

காங்கயத்துக்குத் தெற்கே என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, ஒரு கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இருந்தது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அங்கே பிறக்கும் காங்கயம் கன்று ஒவ்வொன்றும் செவலையாக, செந்நிறமாகத்தான் தரையில் விழும். ஆறு மாதம் ஆவதற்குள் அந்தச் செம்மை கழன்று மயிலையாகி, சாம்பல் நிறமாகிவிடும். காளையாக வளர்ந்தால் திமிலும் முன்தொடையும் பின்தொடையும் கறுக்கும். காயடித்த எருதுக்கு அந்தக் கறுப்பு இருக்காது. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லவே வேண்டியதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு மாலை, கட்டுத்தரையில் கன்றைத் தடவிக்கொண்டே அப்புச்சி கேட்டார்: "அதே கன்று, அதே ரத்தம். யார் வந்து சாயத்தை மாற்றினார்கள், சாமி? பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்களா?" சொல்லித் தரவில்லை. மறுநாள் ஆசிரியரிடம் கேட்டேன். பரம்பரைக் குணம் என்றார். அப்புச்சியிடம் வந்து சொன்னேன். "பரம்பரை என்றால் பிறக்கும்போதே மயிலையாக இருக்க வேண்டுமே" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை மூலக்கூறு உயிரியலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பல ஆண்டுகள் கழித்து அவருக்குப் பதில் சொன்னேன். மடையை வைத்துத்தான் சொன்னேன். கிணற்றிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒன்றுதான். மஞ்சள் பாத்தி நனைவதா, வாழைப் பாத்தி நனைவதா என்பது எந்த மடையைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் உடலின் ஒரு செல்லுக்குள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டிருக்கிறது. கல்லீரலிலும் கண்ணிலும் அதே டி.என்.ஏ.தான். திறந்திருக்கும் மடைகள்தான் வேறு. மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதிக் குறி ஒரு கை சேற்றைப் போலச் சில மடைகளை அடைத்து வைக்கிறது. இதைப் படிக்கும் துறைக்குத்தான் மேல்மரபியல் என்று பெயர். கன்றின் மரபணு மாறவில்லை. நிறமி உண்டாக்கும் மரபணுக்களின் வேலைதான் மாறியது.

இப்போது மாட்டை விட்டு மனிதருக்கு வருகிறேன். குழந்தை வயிற்றில் இருக்கும்போது அதன் ரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபின் ஓடுகிறது; ஹீமோகுளோபின் என்பது ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம். பிறந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்த மடை அடைபட்டு, வேறொரு மடை திறக்கிறது. இங்கேயும் ஆறு மாதம்! கணக்கு தற்செயலாகவே பொருந்தியிருக்கலாம். ஆனால் முதன்முதலில் படித்த அன்று நான் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த இரண்டாவது மடையில்தான் அரிவாள் செல் நோய் இருக்கிறது; அங்கே வரும் ஹீமோகுளோபின் பழுதாக இருப்பதால் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும். நோயுள்ள குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். பழைய ஹீமோகுளோபின்தான் காக்கிறது என்று 1948-ல் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் கருதினார். இந்தியாவில் இந்த நோய்க்கான மரபணுக் கூறு முதலில் பதிவானது எங்கே தெரியுமா? நம் நீலகிரியில்தான். 1952-ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் மலைவாழ் மக்களிடையே அதைக் கண்டார்கள்.

பி.சி.எல்.11ஏ என்ற புரதம்தான் மண்வெட்டியோடு வந்து கருக்கால மடையை அடைக்கிறது. ரத்தச் செல்களில் அதன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிவிட்டால் பழைய மடை மறுபடி திறக்கும். பிடுங்குவதற்கான கருவி கிரிஸ்பர்; டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கத்தரி. இதுதான் மரபணுத் திருத்தம். வைரஸை எதிர்க்க பாக்டீரியா வைத்திருந்த ஆயுதம் அது. தயிர் தயாரிப்பில் உதவும் பாக்டீரியாவில் 2007-ல் அது மெய்ப்பிக்கப்பட்டது. 2012-ல் ஜெனிஃபர் டௌட்னா, எமானுவேல் ஷார்பான்டியே என்ற அறிவியலாளர்கள் அதைக் கருவியாக்கினார்கள். 2020-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். 2023 நவம்பரில் பிரிட்டன் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. நோயுண்டாக்கும் மரபணுவை அவர்கள் தொடவே இல்லை. மடையைத்தான் தொட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன், மடையைத்தான் தொட்டார்கள்.

என் ஆய்வகத்தில் டி.என்.ஏ.வை வெட்டாமலே அந்தச் சேற்றை மட்டும் விலக்க முயல்கிறோம். முதல் மூன்று ஆண்டுகள் செல்கள் தட்டிலேயே செத்துக்கொண்டிருந்தன. இன்று சில பிழைத்து, கருக்கால ஹீமோகுளோபினை உண்டாக்குகின்றன. 2023-ல் அமெரிக்காவில் அறிமுகமானபோது அந்தக் கிரிஸ்பர் சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர். கடுமையான கீமோ மருந்தும் மருத்துவமனையில் நீண்ட வாசமும் அதோடு சேரும். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் வாழும் ஒரு பணியர் பழங்குடித் தாய் இதற்கு எங்கே போவார்? அவருடைய பிள்ளைக்கு எட்டாத மருந்தை முடிந்த மருந்து என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நெல்லைப் பற்றி விரிவாகச் சொல்லக் குறித்து வைத்திருந்தேன். இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்கள் நம் நாட்டில் அறிவிக்கப்பட்டன. ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்த கமலா, மற்றொன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. பி.டி. பருத்தியைப் போல வேற்று உயிரின் மரபணு இவற்றில் சேர்க்கப்படவில்லை. விதையின் உரிமை யாரிடம் இருக்கும் என்று மட்டும் உழவர்கள் விடாமல் கேளுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.