பாக்கெட்டில் கைத்துப்பாக்கி: சட்டம் என்ன சொல்கிறது, டிரிக்கர் என்ன செய்யும்

[திரையில்: செவ்வாய்ப்பேட்டை கடைவீதி. தராசில் கொலுசுக் கட்டுகளை வைத்து எடை போடும் கைகள்.]

வணக்கம். சேலத்தில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் பண்ணுகிற வீடுகளில் அவ்வப்போது ஒரு பேச்சு அடிபடும். "கிலோக் கணக்கில் சரக்கை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் போகிறோம். பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒரு துப்பாக்கி இருந்தால் தைரியமாக இருக்குமே?" ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் இதையே கொஞ்சம் மாற்றிக் கேட்பார்கள். வீட்டில் தாத்தா காலத்து ரெட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது, ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்க முடியாதே என்பார்கள்.

லைசென்ஸ் கிடைக்குமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பாக்கெட்டைப் பார்ப்போம்.

[திரையில்: விதி 32, ஆயுத விதிகள் 2016]

லைசென்ஸே கையில் இருந்தாலும், கைத்துப்பாக்கியை வெறுமனே பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பொது இடத்தில் நடக்க இந்தியாவில் அனுமதி இல்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 32-ஆவது விதி இதைச் சொல்கிறது. கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையிலோ பையிலோ இருக்க வேண்டும். அந்த உறை உங்கள் உடம்போடு சேர்ந்திருக்க வேண்டும். துப்பாக்கி முழுக்க மூடியிருக்க வேண்டும், அதே நேரம் உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். பொது இடத்தில் வெளியே எடுத்து ஆட்டிக் காட்டுவதற்கும் தடை. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் தனியாகவே ஒரு பிரிவு போட்டுவிட்டார்கள்: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கியை வெளியே தெரிய வைப்பதா, மறைத்து வைப்பதா என்பதே பெரிய வழக்கு. மறைத்து எடுத்துப்போகத் தனி அனுமதிச் சீட்டு கேட்கும் மாநிலங்கள் உண்டு. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று அந்தச் சீட்டே வேண்டாம். 2022 ஜூனில் நியூயார்க் மாநிலச் சட்டம் ஒன்றை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்த விவகாரத்தில்தான். நம்மிடம் அந்த விவாதம் கிடையாது. இங்கே எடுத்துப்போவது உரிமை இல்லை, அரசு கொடுக்கும் அனுமதி. அந்த அனுமதியும் மூடித்தான் வை என்கிறது.

[திரையில்: பழைய ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியின் படம், பக்கத்தில் ஒரு உள்ளங்கை]

சின்னத் துப்பாக்கி ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த உள்ளங்கை அளவுத் துப்பாக்கியால்தான் 1865 ஏப்ரல் 14 இரவு ஆபிரகாம் லிங்கன் நாடக அரங்கில் சுடப்பட்டார். அதில் இருந்தது ஒரே ஒரு குண்டு. பிறகு ஜான் பிரௌனிங் வடிவமைத்த தானியங்கிப் பிஸ்டல்கள் பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கில் தயாராகி உலகம் முழுக்கப் போயின. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்கால்தான். இரண்டு சம்பவத்திலும் கவனிக்க வேண்டியது தூரம். ஒன்று அரங்கத்து இருக்கைக்குப் பின்னால், மற்றொன்று ரயில் பெட்டிக்குள். குழல் குட்டையாக இருந்தால் குறி பார்க்கும் முனைகளும் நெருங்கிவிடும். கை லேசாக அசைந்தாலும் குண்டு வேறெங்கோ போகும். சினிமாவில் ஓடுகிற காரின் டயரைச் சுடுகிறார்களே, அதை மறந்துவிடுங்கள்.

[திரையில்: ரிவால்வரின் உள்ளமைப்பு, மெதுவாக நகரும் வரைபடம்]

சரி, பாக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது? கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ரிவால்வரில் டிரிக்கரை இழுத்தால் இரண்டு வேலை நடக்கும். தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டர் ஒரு அறை சுழலும், ஹேமர் என்கிற சுத்தியல் பின்னுக்குப் போய்த் திரும்ப வந்து தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும். இதற்குப் பொதுவாக ஐந்து கிலோ அளவுக்கு இழுவிசை வேண்டும், விரலும் நெடுந்தூரம் பயணிக்க வேண்டும். ஆனால் ஹேமரைக் கட்டை விரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால், அதில் பாதி விசைகூடத் தேவையில்லை. லேசாக இழுத்தாலே வெடிக்கும். பிஸ்டலிலும் மாடலுக்கு மாடல் இந்தக் கனம் மாறும்.

இப்போது அதே பாக்கெட்டில் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது என்று வையுங்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்காருகிறீர்கள். துணி இறுகுகிறது. சாவியின் நுனி டிரிக்கரைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் நுழைகிறது. துப்பாக்கிக்கு விரல் எது, சாவி எது என்று தெரியாது. குழல் அந்த நேரத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருக்கும்? உங்கள் தொடையை. தொடையின் உள்பக்கமாகப் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது; அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

சாவிகூட வேண்டாம், பதற்றத்தில் நம் கையே போதும். 2008 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் வெற்றிப் புள்ளிக்கான பந்தைப் பிடித்தவர் பிளாக்ஸிகோ பர்ரெஸ். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் ஒரு கேளிக்கை விடுதிக்குப் போகும்போது, உறை இல்லாமல் டிராக் பேண்ட் இடுப்பில் பிஸ்டலைச் செருகியிருந்தார். அது கீழே நழுவியது. விழாமல் பிடிக்கப் பார்த்தார். வெடித்தது, குண்டு அவருடைய தொடையிலேயே பாய்ந்தது. நியூயார்க்கில் செல்லுபடியாகும் உரிமமும் அவரிடம் இல்லை. காயம் ஆறிய பிறகு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை. மைதானத்தில் வெற்றிப் பந்தைப் பிடித்தவர்!

[திரையில்: தோல் உறை, அதன் வெளிப்பக்கம் நெருக்கத்தில்]

அதனால்தான் பாக்கெட்டில் எடுத்துப்போவது சட்டப்படி நடக்கிற நாடுகளில்கூட, விவரம் தெரிந்தவர்கள் உறையில்லாமல் போட மாட்டார்கள். பாக்கெட்டுக்கென்று செய்த உறை டிரிக்கர் வளையத்தை முழுசாக மூடும். வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், துணியைப் பிடித்துக்கொண்டு பாக்கெட்டிலேயே நிற்கும். துப்பாக்கி உள்ளே புரண்டு தலைகீழாகாமலும் அதுதான் பார்த்துக்கொள்ளும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் வைக்கக் கூடாது. சில்லறை, சாவி, பாக்குப் பொட்டலம், எதுவுமே. ஹேமர் துணியில் மாட்டக் கூடாது என்று ஹேமரே வெளியே தெரியாத ரிவால்வர்களையும் அங்கே செய்கிறார்கள்.

நம் ஊர் உடுப்புக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? வேட்டி கட்டுகிறவர்களுக்கு ஆழமான பாக்கெட் என்று இருப்பது உள்ளே போடும் பட்டாபட்டி டவுசரில்தான். பணம் வைக்க அருமையான இடம். துப்பாக்கி என்றால், வேட்டியை விலக்கி அதை எடுப்பதற்குள் பஸ் தொப்பூர் தாண்டிவிடும். சட்டைப் பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கம் தொங்கும், குனிந்தால் கீழே விழும். ஏற்காட்டில் ஸ்வெட்டர், ஜெர்கின் போடுவதால் கொஞ்சம் மறையும். ஆனால் ஜெர்கினைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள்தான் நாம். விதி சொன்ன கட்டுப்பாடு அந்த நிமிடமே போய்விட்டது.

எடுக்கும் வேகத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, காரில் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்துகொண்டு, வளைவில் திரும்பும்போது முன்பாக்கெட்டில் இருக்கும் போனை எடுக்கட்டும். போன் மெல்லிசு, வழவழப்பு. அதுவே இடுப்பை உயர்த்தாமல் வராது. துப்பாக்கிப் பிடியைப் பற்றிய கை முஷ்டியாகிவிடும், முஷ்டி பாக்கெட் வாயில் சிக்கும். எதிரில் நிற்பவன் அதுவரை காத்திருப்பானா?

இன்னொரு தொல்லை வியர்வை. சித்திரை மாதத்துச் சேலத்தில் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும். மலை மேல் பனிமூட்டத்தின் ஈரம். போதாததற்குப் பாக்கெட் துணியின் பஞ்சு குழலுக்குள்ளும் ஹேமர் சந்திலும் அடையும். வாரம் ஒருமுறையாவது குண்டுகளைக் கழற்றிவிட்டுத் துடைத்து, எண்ணெய் லேசாகத் தடவ வேண்டும்.

[திரையில்: இந்தியத் தயாரிப்பு ரிவால்வர்கள்]

இந்தியாவில் என்ன கிடைக்கிறது? ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 எம்எம் போன்றவை சாதாரண மக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். நமக்கு .32, .22 (குழலின் உள்ளளவு, அங்குலத்தில்) போன்றவைதான். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர்தான் பரவலாகத் தெரிந்தது. 2014-இல் அங்கிருந்து 'நிர்பீக்' என்று பெண்களை மனதில் வைத்து ஒன்று வந்தது. எடை அரைக் கிலோ, விலை அப்போதே 1.22 லட்சம் ரூபாய். அந்த விலைக்கு எத்தனை பெண்கள் வாங்க முடியும்? மேற்கு வங்கத்து இஷாப்பூரில் செய்த 'நிடர்' .22 ரகம், எடை கால் கிலோதான். 2023-இல் 'பிரபல்' என்ற .32 வந்தது, பழைய ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கும், இதில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். உண்மையிலேயே பாக்கெட் அளவு என்றால் 'நிடர்' ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

இப்போது லைசென்ஸ். ஆயுதச் சட்டம் 1959. வயது 21 முடிந்திருக்க வேண்டும். லைசென்ஸ் தருபவர் மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர். போலீஸ் கமிஷனர் இருக்கும் நகரத்தில் மாவட்ட மாஜிஸ்திரேட் என்பதற்குக் கமிஷனர் என்று பொருள் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால் செவ்வாய்ப்பேட்டைக்காரர் கமிஷனர் ஆபீஸுக்கும், ஏற்காட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸுக்கும் போக வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். பயமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் நகராது. தொழில் என்ன, ஆபத்து என்ன, முன்பு புகார் கொடுத்திருக்கிறீர்களா என்று காட்ட வேண்டும். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2019 வரை அது மூன்றாக இருந்தது.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால், சாதாரண ரகத்துக்கே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. தடை செய்த ரகமென்றால் ஏழு ஆண்டில் தொடங்கும். நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே சட்டம்தான். மலைக்கிராமங்களில் போலீஸ் வந்து ஒப்படைக்கச் சொல்வது சும்மா இல்லை.

கொலுசு வியாபாரிகள் கவனிக்காமல் விடுவது லைசென்ஸில் இருக்கும் எல்லை. எந்தப் பகுதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு என்று இருந்தால், பெங்களூர் பஸ் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் நுழைந்ததும் உங்கள் இடுப்பில் இருப்பது அனுமதி இல்லாத சரக்கு. இந்தியா முழுமைக்கும் வேண்டுமென்றால் தனியாகக் காரணம் காட்டிக் கேட்க வேண்டும்.

சுட்ட பிறகு என்ன ஆகும்? இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. கொள்ளைக்கு எதிராக உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம் என்று 41-ஆவது பிரிவு சொல்கிறது, ஆனால் 37-ஆவது பிரிவின் வரம்புக்குள்தான்: தேவைக்கு மேல் தாக்கக் கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் உரிமையே இல்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு இந்தப் பிரிவை நீட்டினால், தேவைக்கு மேல் போகவில்லை என்று கோர்ட்டை நம்ப வைப்பது பெரும்பாடு. நெரிசலான பஸ்ஸில் குறி தவறினால் கதை இன்னும் மோசம். என்னைக் கேட்டால், சரக்குக்கு இன்சூரன்ஸ், கூட ஒரு ஆள், பகல் பயணம் இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு ரிவால்வர் விலையைவிட நல்ல செலவு.

[திரையில்: கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும் பேண்ட்]

அப்புறம் வீடு. ராத்திரி வந்ததும் பேண்ட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டுவது நம் எல்லார் வீட்டுப் பழக்கம். பாக்கெட்டில் சாக்லேட் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பது குழந்தைகளின் பழக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை குண்டுகளைக் கழற்றுவது. துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி உங்களிடம்.

தேர்தல் தேதி அறிவித்தவுடன் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலாளி மாதிரி சிலருக்கு விலக்கு உண்டு. உங்களுக்கும் விலக்கு வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம். கொடுக்கும்போது துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்போது அந்த இரண்டையும் ஸ்டேஷனிலேயே சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உறையைக் கொண்டுபோக மறக்காதீர்கள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியும் பொது இடம்தான்.