என், ஜி: இரண்டெழுத்தில் மூன்று குடும்பங்கள்

அவையோருக்கு வணக்கம்.

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ கடைத்தெருவில் நடந்தால் ஒரு விசித்திரமான பெயர் கண்ணில் படும். ரோமன் எழுத்தில் 'என்', அடுத்து 'ஜி'. அவ்வளவுதான், நடுவில் உயிரெழுத்தே கிடையாது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைப் பார்த்தால் வாயைத் திறந்தபடி நிற்பார். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இந்த ஒலிக்கென்றே தமிழில் ஓர் எழுத்து இருக்கிறது: ங். 'மாங்காய்' என்று சொல்லத் தொடங்கி, 'காய்' வருவதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போது 'மா'வையும் விட்டுவிடுங்கள். அடிநாக்கு மேலே ஒட்டியிருக்க, மூச்சு மூக்கு வழியாக மட்டும் வருகிறதே, அந்த ஓசைதான் ஹாங்காங் பக்கம் பேசும் கான்டனீஸ் என்ற சீன மொழியில் ஒரு முழுக் குடும்பப் பெயர்.

ஆனால் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்பது நம் இலக்கணம். அதனால் சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் முன்னால் ஓர் இகரம் போட்டு 'இங்' என்று எழுதுகிறார்கள். ராமனை இராமன் ஆக்கிய அதே கைவேலை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் குடிநுழைவு குமாஸ்தாக்களும் இதையேதான் செய்தார்கள். காதில் 'ங்' என்று விழுந்ததை எழுதத் தெரியாமல் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து எங், இங், உங் என்று பதிந்தார்கள். ஒரே கிராமத்து ஆட்கள் மூன்று எழுத்துக்கூட்டலில் கரையேறியதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படிப் பரவியது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம். அதற்கு முன் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். 'என்-ஜி' என்பது ஒரு பெயரே அல்ல. குறைந்தது மூன்று வெவ்வேறு சீனப் பெயர்கள் இந்த ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகின்றன.

சீனர்கள் பெயர் சொல்லும்போது குழப்பம் வராமலிருக்க எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள். முதலாவது 'வாய்-வானம்'. மேலே வாயைக் குறிக்கும் சதுரப் பெட்டி, கீழே வானம். இன்றைய சீனாவின் சுருக்க எழுத்தில் அப்படியே இருக்கும், பழைய வடிவத்தில் கீழ்ப்பகுதி கொஞ்சம் வளைந்து வேறுபடும். இரண்டாவது 'ஆள்-ஐந்து'. இடப்பக்கம் நிற்கும் ஆள், வலப்பக்கம் ஐந்து என்ற எண். காசோலையில் யாரும் திருத்தக்கூடாது என்பதற்காக ஐந்தைச் சற்றுச் சிக்கலாக எழுதுவார்களே, அதுவும் இதே எழுத்துதான். மூன்றாவது 'மஞ்சள்'. நிறத்தைக் குறிக்கும் எழுத்தே பெயர்.

கான்டனீஸ்காரர் வாயில் 'ங்' என்று வருவது முதல் இரண்டும்தான். அவற்றிலும் சுரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், வேறு: வாய்-வானம் தாழ்ந்து இறங்கும், ஆள்-ஐந்து தாழ்விலிருந்து மேலே ஏறும். ரோமன் எழுத்தில் சுரம் எழுதுவதில்லை, ஆகவே இரண்டும் ஒன்றாகிவிட்டன. மஞ்சள் கான்டனீஸில் 'வோங்'. ஆனால் தியோச்சியூ என்ற இன்னொரு தென்சீன மொழி பேசுகிறவர் அதே மஞ்சளை 'ங்' என்பார். ஹாங்காங்கில் 'என்-ஜி'யைப் பார்த்தால் பெரும்பாலும் வாய்-வானம் என்று ஊகிக்கலாம். சிங்கப்பூரில் அப்படி ஊகித்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஓர் உதாரணம். சிங்கப்பூரின் முன்னாள் தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென், முன்னாள் பிரதமர் கோ சோக் டோங், இப்போதைய பிரதமர் லாரன்ஸ் வோங். இவர்களில் இருவருக்கு ஒரே குடும்பப் பெயர். யார் யார்? இங் எங் ஹென்னும் லாரன்ஸ் வோங்கும்தான்; இருவருமே மஞ்சள். கோ சோக் டோங் வாய்-வானம். ஹாங்காங் நடிகை சாண்ட்ரா இங்கும், இயக்குநர் ஜான் வூவும், செயற்கை நுண்ணறிவுத் துறையில் பேர்பெற்ற ஆண்ட்ரூ இங்கும் அவரோடு சேர்ந்தவர்கள். ரோமன் எழுத்தை மட்டும் நம்பிக் குலம் பிரித்தால் அண்ணன் தம்பியைப் பிரித்து அந்நியரைச் சேர்த்துவைப்போம். இது வெறும் புலமை விளையாட்டல்ல. ஒரே குடும்பப் பெயருக்குள் மணம் கூடாது என்பது சீனரின் பழைய வழக்கம். அதன்படி ஓர் 'இங்'கும் இன்னோர் 'இங்'கும் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம், எழுத்து வேறாக இருந்தால். வாய்-வானத்து 'இங்'கும் 'கோ'வும் கட்டிக்கொள்ளக் கூடாது.

'ங்' எப்படிக் 'கோ' ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த எழுத்தின் ஒலி ஏறக்குறைய 'ஙோ' என்பதுபோல் இருந்தது. முதலில் ஙகரம், பின்னால் ஓர் உயிர். வியட்நாமியர் அதை அப்படியே காப்பாற்றி 'ஙோ' என்கிறார்கள். 938இல் பாக் டாங் ஆற்றில் சீனப் படையை முறியடித்த ஙோ குயென் பெயரில் இருப்பது இதே எழுத்து. ஹொக்கியன் என்ற தென்சீன மொழி பேசுகிறவர்கள் மூக்கொலியை விட்டுவிட்டார்கள். ஙகரத்தில் மூக்கை எடுத்தால் மிஞ்சுவது 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய ககரம்தானே, அதனால் 'கோ'. ஜப்பானிலும் அதே 'கோ'. கொரியர் முதல் மெய்யை அடியோடு விட்டு 'ஓ' என்கிறார்கள். சீனாவின் பொது மொழியான மாண்டரினும் அதை விட்டது, உயிர் 'வூ' ஆனது. கான்டனீஸும் ஹக்காவும் தலைகீழ்: உயிரை விழுங்கிவிட்டு மெய்யை மட்டும் வைத்துக்கொண்டன. சரவாக்கின் சிபு நகரில் ஃபூச்சோ மக்களிடம் போனால் 'ஙு' என்று கிடைக்கும். நம் உயிர்மெய் வரிசையில் எப்போதும் சும்மா கிடக்கும் 'ஙு'வுக்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார்!

கான்டனீஸ் இன்னும் நிற்கவில்லை. ஹாங்காங் இளைஞர்கள் பலர் 'ங்' என்பதை 'ம்' என்றே சொல்கிறார்கள். ஆசிரியர்கள் இதைச் 'சோம்பேறி உச்சரிப்பு' என்று திட்டுவார்கள். சங்கடம் என்னவென்றால், அந்தச் சுரத்தில் 'ம்' என்றால் கான்டனீஸில் 'இல்லை' என்று பொருள்.

இனித் தோற்றத்துக்கு வருவோம். வாய்-வானம் ஒரு நாட்டின் பெயர். பழைய சீனாவின் சோவ் அரச குலத்து மூத்த மகன் தாய்போ, கடைசித் தம்பி ஜிலிக்குப் பட்டம் போகட்டும் என்று விட்டுக்கொடுத்து, இன்னொரு தம்பியோடு தெற்கே இன்றைய வூசிப் பக்கம் போய் அமைத்த நாடு அது என்பது மரபு. மூன்று முறை நாட்டை விட்டுக்கொடுத்தவன், அறத்தின் உச்சம் என்று கன்பூசியஸ் அவனைப் புகழ்ந்தார். பரதனுக்காக நாடு விட்டவனை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்த நாடு கி.மு. 473இல் யுவே நாட்டிடம் அழிந்தது. சிதறியவர்கள் நாட்டின் பெயரைத் தங்கள் பெயராகச் சுமந்தார்கள். இன்று சீனாவின் முதல் பத்துப் பெயர்களுக்குள் அது இருக்கிறது.

ஆள்-ஐந்தும் மாண்டரினில் 'வூ'தான்; அதன் புகழ்பெற்ற முன்னோர் வூ சிஷு. சூ நாட்டு மன்னன் இவருடைய தந்தையையும் அண்ணனையும் கொன்றான். தப்பியோடியவர் எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? வாய்-வானம் நாட்டுக்கு. அங்கே அமைச்சராகி, கி.மு. 506இல் சூவின் தலைநகரையே பிடிக்கவைத்தார். பிறகு வந்த மன்னன் ஃபூச்சாய் இவரைச் சந்தேகித்து, கி.மு. 484இல் வாளை அனுப்பித் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னான். 'என் கண்களைப் பிடுங்கி நகர வாயிலில் தொங்கவிடுங்கள், யுவே படை உள்ளே வருவதை நான் பார்க்க வேண்டும்' என்று சொல்லிச் செத்தார் என்பார்கள். மஞ்சள் கதையிலும் அதே சூ நாடுதான் வில்லன்: கி.மு. 648இல் ஹுவாங் (மஞ்சளின் மாண்டரின் ஒலி) என்ற சிறு நாட்டை அது விழுங்கியது, தப்பியவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

கடல் கடந்த கதை மிகப் பிற்பாடு. குவாங்டொங் மாநிலத்தின் 'நான்கு வட்டங்கள்' என்று தைஷான், கைப்பிங், என்பிங், ஷின்ஹுய் ஆகியவற்றைச் சொல்வார்கள். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த 1848க்குப் பிறகு அமெரிக்கா போனவர்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான். தைஷான் ஆள்-ஐந்துக்காரர்கள் அடர்ந்து வாழும் பகுதி. சீனாவில் ஒப்பளவில் சிறிய இந்தப் பெயர் அமெரிக்கச் சைனாடவுன்களில் பெரிதாகத் தெரிவதற்கு அதுவே காரணம். அவர்களுடைய சங்கத்தின் பெயர் 'எங் சுய் சன்'. 'சுய் சன்' என்றால் வூ சிஷுவின் பெயர் தாங்கிய மலை. வாய்-வானத்து 'இங்' அந்தச் சங்கத்தில் உறுப்பினராக முடியாது. அவர் போக வேண்டியது தாய்போவின் பேரறத்தைப் பெயராகக் கொண்ட 'ஜீ டக்' சங்கத்துக்கு. அங்கே சோவ், சோய் முதலான வேறு குலங்களும் தாய்போவின் வழி என்று கூடவே உட்கார்ந்திருப்பார்கள். எழுத்துக்கூட்டல் ஒன்று, கட்டடம் வேறு.

ஒரு பொது விதி சொல்லலாம், விலக்குகள் உண்டு. அமெரிக்காவில் 'எங்' என்று எழுதுகிற குடும்பம் பெரும்பாலும் பழைய தைஷான் வரவு. வெறும் 'என்-ஜி' என்று எழுதுவது பெரும்பாலும் பிற்காலத்தில் ஹாங்காங் அடையாள அட்டையோடு வந்தவர்கள். வான்கூவர், டொராண்டோ பக்கம் இவர்களே மிகுதி.

மற்ற நாடுகளில் பெயர் வேறு விதமாகக் குலைந்தது. மொரீஷியஸில் தாத்தாவின் முழுப் பெயரையும், குடும்பப் பெயர், இடுபெயர் எல்லாம் சேர்த்து, அப்படியே பேரன்களுக்குக் குடும்பப் பெயராகப் பதிந்தார்கள். பிலிப்பைன்ஸிலும் அப்படியே: 'கோகொங்வெய்' என்ற பெருவணிகக் குடும்பத்தின் பெயரில் முதல் அசைதான் வாய்-வானம். இந்தோனேசியாவில் 1966இல் வந்த 127ஆம் எண் அமைச்சரவை ஆணை சீனப் பெயர்களை மாற்றிக்கொள்ள வழிசெய்தது. மஞ்சளின் ஜாவா வடிவமான 'உய்' பல குடும்பங்களில் 'விஜயா' ஆயிற்று. விஜயன் என்று பெயர் கேட்டவுடன் நம்மாள் என்று கட்டிப்பிடித்துவிடாதீர்கள்.

ஒரே மனிதருக்குள்ளும் இந்தப் பிளவு உண்டு. 1877இல் லண்டனில் பாரிஸ்டரான முதல் சீனர், 1880இல் ஹாங்காங் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் சீனர், இருவரும் ஒருவரே: இங் சோய், ஆள்-ஐந்து. பின்னாளில் வாஷிங்டனில் சீனத் தூதராக இருந்த வூ டிங்ஃபாங்கும் இவர்தான். ஹாங்காங் ஆவணத்தில் ஒரு பெயர், அமெரிக்க ஆவணத்தில் இன்னொன்று.

வேர் தேடுகிறவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள்? முதலில் தேடல் முறை. அமெரிக்கப் பழைய குறியீட்டு அட்டைகள் பலவும் 'சவுண்டெக்ஸ்' முறையில் அடுக்கப்பட்டவை. முதல் எழுத்து அப்படியே, பின்வரும் மெய்களுக்கு எண். இதில் 'என்-ஜி' என்பது என் 200. 'எங்' என்பது ஈ 520, 'இங்' என்பது ஐ 520. ஒலி ஒத்த பெயர்களைச் சேர்க்கவென்றே வந்த முறை இந்த ஒரு பெயரை மூன்று இழுப்பறைகளில் போட்டுவிட்டது. மூன்றையும் தனித்தனியே தேட வேண்டும். 'எங்' என்று தேடினால் நார்வேக்காரர்களும் வருவார்கள். அவர்கள் மொழியில் அது புல்வெளி. வியட்நாமிய ஆவணத்தில் 'என்-ஜி' போட்டுப் புள்ளி வைத்திருந்தால் அது நுயென் என்பதன் சுருக்கம், நம் ஆள் அல்ல. இணையப் படிவங்களில் 'குடும்பப் பெயர் குறைந்தது மூன்றெழுத்து' என்று அடம்பிடிப்பது தனித் தலைவலி.

அடுத்தது பெரிய பொறி. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்களைத் தடுத்தது. 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கமும் தீயும் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகளை எரித்தன. 'நான் இங்கேயே பிறந்தவன்' என்று பலர் சொன்னார்கள், மறுக்க ஆவணம் இல்லை. குடிமகனின் பிள்ளை உள்ளே வரலாம் என்பதால், ஊருக்குப் போய் வந்து 'எனக்கு ஒரு மகன் பிறந்தான்' என்று பதிந்து, அந்த இடத்தை வேறொருவருக்கு விற்றார்கள். இவர்கள் 'காகித மகன்கள்'. வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், வரிசையில் எத்தனாவது வீடு என்று மனப்பாடம் செய்துகொண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவின் குடிநுழைவு நிலையம் இருந்த ஏஞ்சல் தீவில் விசாரணைக்கு நின்றார்கள். ஆகவே காகிதத்தில் 'எங்' என்றிருப்பவர் பிறப்பால் லீயாகவோ சானாகவோ இருக்கலாம். 1956க்குப் பின் உண்மையை ஒப்புக்கொள்ள அரசு வழிசெய்தும் பலர் வாய் திறக்கவில்லை.

கல்லறையில் மட்டும் திறந்தார்கள். ஆங்கிலத்தில் காகிதப் பெயர், பக்கத்திலேயே சீனத்தில் உண்மைப் பெயர். படிக்கத் தெரிந்த அதிகாரி எவரும் அங்கே வரப்போவதில்லை.

அந்தக் கல்லை எப்படிப் படிப்பது? எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடும். நடுப்பத்தியில் பெரிய எழுத்தில் பெயர்; பக்கப்பத்திகளில் ஒன்றில் மாவட்டமும் கிராமமும், மற்றதில் நாள். படம் எடுக்கும்போது சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம், கல் உரிந்துவிடும். தண்ணீர் தெளித்து, வெயில் சாய்வாக விழும் காலையில் எடுத்தால் வெட்டுகள் நிழலோடு தெளிவாகத் தெரியும். மலேசியா, சிங்கப்பூர்க் கல்லறைகளில் உச்சியில் தனியாக இரண்டு எழுத்து இருந்தால் விடாதீர்கள். அது குலத்தின் பூர்வீக ஊராக இருக்கலாம். யென்லிங் என்றிருந்தால் வாய்-வானம், ஜியாங்ஷியா என்றால் மஞ்சள். ஆள்-ஐந்துக்கு உரியது ஆன்டிங். ஆனால் அது லியாங், ஹூ குடும்பங்களுக்கும் உண்டு, அதனால் நடுப்பத்தியின் முதல் எழுத்தில் நிற்கும் ஆளும் ஐந்தும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.