பொருளாளர் அக்காவின் கொப்பி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெருநாள் களைப்போடும் வாசிகசாலை முற்றத்தில் வந்து அமர்ந்திருக்கும் என் ஊர் மக்களே, வணக்கம்.

ஊர் உதைபந்தாட்டக் கழகத்தை உயர்த்துவது வீரர்களா, நிர்வாகமா? நிர்வாகமே என்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள் போதும்: எங்கள் கழகச் செயற்குழுவில் அமர்ந்த முதல் பெண், பொருளாளர் அக்கா. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை விட்டார். "பெண் கையில் கழகம் போனால் கணக்குக் கொப்பியில் வெங்காயமும் மிளகாயும்தான் இருக்கும், கிண்ணம் இருக்காது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டிய கைகளைக் கொஞ்சம் மடியில் வையுங்கள். அந்தக் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன்.

சுற்றுப்போட்டி ஒன்றின் இறுதியாட்டம், சனிக்கிழமை மாலை. எங்கள் முன்கள வீரன் ஒரு சம்மாட்டியின் படகில் தொழிலுக்குப் போகிற பிள்ளை. வெள்ளி இரவு முழுவதும் வலை இழுத்துவிட்டு வருகிறவன் மறுநாள் எப்படி ஓடுவான்? செயலாளர் போய்க் கேட்டார்; சம்மாட்டி வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலைவர் போனார், "பந்து சோறு போடுமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதாக அக்கா போனார். கையில் கொப்பி.

"அண்ணை, பிள்ளை ஒரு இரவு வராவிட்டால் உங்களுக்கு எவ்வளவு நட்டம்?"

சம்மாட்டி விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். "நாலாயிரம்."

அக்கா மணலில் அமர்ந்தார். கொப்பியை விரித்தார். எழுதினார். எழுதியதை, வாடியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "இறுதியாட்டத்துக்கு அன்பளிப்பு, சம்மாட்டி அவர்கள், ரூபாய் 4,000."

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்கிறேன். நட்டம் என்று அவர் சொன்னதும் நாலாயிரம். அன்பளிப்பு என்று இவர் எழுதியதும் அதே நாலாயிரம்! சம்மாட்டி வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் சுற்றி நின்றவர்கள் கைதட்டிவிட்டார்கள். ஊர் கைதட்டிய பிறகு அன்பளிப்பை எப்படித் திருப்பி எடுப்பது? செயலாளர் கேட்டது விடுமுறை, தலைவர் கேட்டது தயவு, அக்கா கேட்டது கணக்கு. சனிக்கிழமை அந்தச் சம்மாட்டி தன் தொழிலாளர் எல்லோரையும் லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். ஒலிபெருக்கியில் அவருடைய பெயர் மூன்று முறை ஒலித்தது. பிள்ளை தலையால் முட்டி கோல் போட்டபோது மைதானத்திலேயே முதலில் துள்ளியவர் அவர்தான். கிண்ணம் எங்கள் ஊருக்கு வந்தது.

இனி வெங்காயத்துக்கு வருகிறேன். ஆம், நண்பரே, வெங்காயம் இருக்கிறது. அதே பக்கத்தில், நாலாயிரத்துக்குக் கீழே: வெங்காயம் 2 கிலோ, செத்தல் மிளகாய் அரைக் கிலோ, ஒடியல் மா. அன்றிரவு காய்ச்சிய கூழுக்கான செலவு. மீனும் நண்டும் சம்மாட்டி கொடுத்தார். வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே பானையிலிருந்து குடித்தார்கள். முந்தைய ஆண்டு கல் எறிந்த இரண்டு ஊர்கள் அவை! அந்தக் கூழுக்குப் பிறகு கல் எறிபடவில்லை.

சமையல் தெரிந்த கைக்குக் கழகம் தெரியாதா? இங்கிலாந்தில் நோரிச் சிட்டி கழகம் பணமுடையில் தத்தளித்த 1990களில் அதன் நிர்வாகத்துக்கு வந்தவர் டீலியா சிமித், நாடறிந்த சமையற்கலை எழுத்தாளர். அவரும் கணவரும் பெரும்பங்கு உரிமையாளர்களாக இருந்தபோதுதான் மூன்றாம் நிலை லீக்கிலிருந்த அந்தக் கழகம் 2010, 2011 என்று அடுத்தடுத்து ஏறி பிரீமியர் லீக்கில் நின்றது. கிண்ணம் வேண்டுமா? 2016 இல் ஹொங்கொங்கின் ஈஸ்டர்ன் கழக ஆண்கள் அணியைப் பயிற்றுவித்து லீக் வெற்றியாளராக்கிய சான் யுவென் டிங் ஒரு பெண், வயது 27. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவிகள் பந்தோடு ஓடுவதைப் பார்த்த மண்ணில் நின்றுகொண்டு இதையெல்லாம் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

மணி அடிக்கப் போகிறது, தெரியும். ஒன்றே ஒன்று.

அக்கா பொருளாளர் ஆனது எப்படி? அவருடைய அண்ணன்தான் முன்பு பொருளாளர். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அண்ணன் இல்லை. பதினேழு வயதுப் பெண், உடுப்புப் பையில் அண்ணனின் கழகக் கொப்பியை வைத்து அந்த மழையில் நடந்தார். மறு ஆண்டு ஊர் திரும்பியபோது கழகக் கொட்டிலுக்குக் கூரை இல்லை, கோல் கம்பம் இல்லை. கொப்பி இருந்தது. அதை வைத்திருந்தவர் பொருளாளர் ஆனார்.

அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒன்பது பெயர்கள். எல்லோரும் எங்கள் அணிக்கு ஆடியவர்கள். ஒருவரும் இன்று இல்லை. மூன்றாவது பெயர் அண்ணனுடையது. அவை ஒவ்வொன்றுக்கும் எதிரே, மாதம் தவறாமல், சந்தா கட்டியதாக எழுதியிருக்கிறது. பணம் அக்காவுடையது, இறால் உரித்த கூலி.

ஏன் அக்கா என்று ஒருநாள் கேட்டேன்.

"சந்தா கட்டாதவர்களைப் பொதுக்கூட்டத்தில் பெயர் வெட்டிவிடுவார்கள், தம்பி" என்றார்.

நடுவர் அவர்களே, இந்த மாதமும் கட்டியிருக்கிறார். வணக்கம்.