தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்குக் கப்பலேறின முன்னோரைத் தேடணுமா? பேரை விடுங்க, நம்பரைப் பிடிங்க

[திரையில்: பழைய பதிவேட்டின் ஒரு பக்கம், ஒரு வரி மட்டும் பெரிதாகிறது]

1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல கிளம்பின ட்ரூரோ கப்பல், நவம்பர் 16ஆம் தேதி நேட்டாலோட துறைமுகமான டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. அதுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா நேட்டாலுக்குப் போனவங்க 1,52,184 பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டாங்க. உங்க கொள்ளுப்பாட்டனாரைத் தேடறதுக்குப் பிடி அதுதான். பேரை வச்சுத் தேடினா முனுசாமிங்க வரிசைகட்டி நிப்பாங்க.

[திரையில்: மடிப்புக் கிழிஞ்ச திருமணச் சான்றிதழ்]

நம்பர் பெரும்பாலும் வீட்டு டிரங்குப் பெட்டியிலயே இருக்கும். கல்யாணச் சான்றிதழ், பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ், ஒப்பந்தம் முடிஞ்சப்ப கொடுத்த சீட்டு, எல்லாத்தையும் பாருங்க. பேருக்குப் பக்கத்துலயே ஒரு எண் இருக்கும். சான்றிதழோட வரிசை எண்ணுன்னு நினைச்சு அதை விட்டுடாதீங்க. அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருந்தா ரெண்டையும் குறிச்சுக்கணும். எவ்வளவு தேடியும் நம்பரே இல்லையா? சொந்தக் காசுல டிக்கெட் எடுத்துப் போனவரா இருக்கலாம். அவங்க ஒப்பந்தக் கூலிங்க பட்டியல்ல வரமாட்டாங்க.

நம்பர் கிடைச்சா கப்பல் தெரியும், கப்பல் தெரிஞ்சா வருஷம் தெரியும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தோட காந்தி-லுத்துலி ஆவண மையத்துல கப்பல் பட்டியல்கள் இருக்கு. ஒரு எச்சரிக்கை: "தாத்தா 1870ல வந்தாரு"ன்னு வீட்டுல சொன்னா நம்பாதீங்க. 1866க்கு அப்புறம் 1874 வரைக்கும் ஒப்பந்தக் கப்பலே போகலை.

[திரையில்: மாதிரி வரி. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், அங்க அடையாளம்]

வயசு குமாஸ்தா குத்துமதிப்பா போட்டது. சில வருஷம் முன்னப்பின்ன இருக்கலாம். அங்க அடையாளம் மட்டும் அவர் நேர்ல பார்த்து எழுதினது. இடது கன்னத்துல தழும்புன்னு இருந்தா அது இருந்திருக்கும்.

தகப்பன் பெயரை நல்லா கவனிங்க. அங்க போனதும் அப்பா பேரோ சாதிப் பட்டமோ குடும்பப் பேரா ஒட்டிக்கிச்சு. முதலி 'மூட்லி' ஆச்சு, முனுசாமி 'மூன்சாமி' ஆச்சு. அதனால இன்னைக்கு இருக்கிற குடும்பப் பேரு கப்பலேறினவரோடதா, அவங்க அப்பாவோடதான்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்.

இறப்பு ஆவணத்துல பிறந்த ஊர் 'மெட்ராஸ்'னு இருந்தா, அவர் சென்னைக்காரர்னு முடிவு கட்டாதீங்க. கப்பலேறின துறைமுகத்தைத்தான் பிள்ளைங்க சொல்லியிருப்பாங்க.

கிராமத்துப் பேரைக் கண்ணால படிக்காம வாயால சொல்லிப் பாருங்க. 'சிங்கிள்புட்'டுன்னா செங்கல்பட்டு, 'டிரிச்சினாபாலி'ன்னா திருச்சிராப்பள்ளி. அப்போ 'புட்'டுன்னு முடிஞ்சா பட்டு, 'பாலி'ன்னு முடிஞ்சா பள்ளி. ஜில்லா 'நார்த் ஆர்காட்'டுன்னா வேலூரோட நிறுத்தாதீங்க. 1911ல சித்தூர் பிரிஞ்சுது, 1989ல திருவண்ணாமலை, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். நீங்க தேடற ஊர் இன்னைக்கு ஆந்திராவுல இருக்கலாம்.

[திரையில்: அதே பக்கத்தில் மேலும் கீழும் உள்ள வரிகள்]

மேல பத்து வரி, கீழ பத்து வரி படிங்க. புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க, ஊர்க்காரங்க பெரும்பாலும் அடுத்தடுத்த நம்பர்ல இருப்பாங்க. உங்க வரியில கிராமப் பேர் சிதைஞ்சிருந்தாலும் பக்கத்து வரியில தெளிவா இருக்கும்.

ஒரே தாலுகாவுல ஒரே பேர்ல ரெண்டு மூணு ஊர் வந்து நின்னா, பட்டா தேடி அலையாதீங்க. கூலிக்குப் போனவர் பேர்ல நிலம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. டர்பன்ல இருக்கிற வயசான அத்தையைக் கேளுங்க, வீட்டுல எந்த சாமிக்குப் படையல் போடுறாங்கன்னு. அந்தக் குலதெய்வத்துக்குக் கோயில் இருக்கிற ஊருக்கு முதல்ல போங்க.