ஆரல்

வணக்கம் நேயர்களே. இன்று ஆரல் மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். பேச்சு வழக்கில் ‘ஆரா’ என்போம். மலையாளத்திலும் ஆரல்தான். உடம்பு நீளமாக இருப்பதால் பலரும் இதை விலாங்கு என்று நினைத்துவிடுகிறார்கள். விலாங்கு வேறு. அது முட்டையிடக் கடலுக்குப் போகும். ஆரல் ஆறு, குளம், வாய்க்கால் என்று நன்னீரிலேயே வாழ்ந்து முடிக்கும். விலாங்குக்கு முதுகில் முள் கிடையாது. ஆரலுக்கு உண்டு, தனித்தனியாக, வரிசையாக. வாலைப் பிடித்து இழுத்தால் பின்னோக்கி நெளியும்; முட்கள் நிமிர்ந்து உள்ளங்கையைக் கிழித்துவிடும். ‘ஆர்’ என்றால் கூர்மை. வண்டிச் சக்கரத்தின் ஆர்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முள்ளால்தான் பெயர் வந்தது என்று கருத இடமிருக்கிறது.

சரி, இந்த மீனைத் தெரிந்துகொண்டு குறுந்தொகை 25ஆம் பாட்டுக்கு வாருங்கள். கபிலர் பாடியது. தலைவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சியாக யாரும் இல்லை, ஒரு குருகுதான் (கொக்கு போன்ற நீர்ப்பறவை) இருந்தது என்கிறாள் தலைவி. ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகு.’ கெண்டை இல்லை, அயிரை இல்லை, ஏன் ஆரல்? பகலில் ஆரல் மணலுக்குள் புதைந்து கிடக்கும். மூக்கு நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுவும் நீர் ஓடிக்கொண்டிருக்கும் இடம். மேலே அலை நெளிகிறது, கீழே மணல் நிறத்தில் ஒரு நுனி. அதைக் கண்டுபிடிக்கக் குருகு அசையாமல், தலையைக்கூடத் திருப்பாமல் நிற்க வேண்டும். ஆக, இருந்த ஒரே சாட்சியும் இவர்களைப் பார்க்கவில்லை. திரும்பவும் சொல்கிறேன்: குருகு அங்கே இருந்தது, ஆனால் பார்த்தது ஆரலை. தலைவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவள் கலங்குவதன் முழுக் கனமும் அந்த மீன் பெயரில் இருக்கிறது. உரையில் ‘ஒருவகை மீன்’ என்று எழுதிக் கடந்துவிட்டால் பாதிப் பாட்டு போய்விடும்.

நேரம் நெருங்குகிறது. கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கும் ஆரல் என்று பெயர் உண்டு. நெருப்பு என்ற பொருளும் உண்டு. மதில் என்பது இன்னொரு பொருள். குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பொருளைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படை ஏறிப் பிடித்த அரண் அந்த ஊரின் மலைக்கணவாயில்தான் இருந்தது. வணக்கம்.