மண்டையில் ஏறாதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பிள்ளைகளின் படிப்புக்குப் பெரிதும் காரணம் பிறவியில் வந்த மூளையா, கிடைத்த பயிற்சியா? பயிற்சியே என்று பேச வந்திருக்கிறேன். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்று எதிரணித் தம்பி கைதட்டல் வாங்கினார். சரி தம்பி, சட்டியில் போடுவது யார்?

என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. 'பள்ளம்' என்ற சொல்லின் மேல் விரலை வைப்பாள். 'ப' என்பாள். விரல் நகரும். 'ள்' என்று சொல்லி முடிப்பதற்குள் முன்னே சொன்ன 'ப' மறந்து போயிருக்கும். மறுபடி முதலில் இருந்து. "இவளுக்கு மண்டையில் ஏறாது டீச்சர்" என்றார் அப்பா, அவள் தோளில் கை வைத்துக்கொண்டே.

எழுத்தைப் பார்க்கும் இடம், ஒலியை அறியும் இடம், பொருளை உணரும் இடம் எல்லாம் மூளையில் தனித்தனி. இவற்றை இணைப்பவை நரம்பிழைகள். இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறை நன்றாக அமைந்தால் செய்தி விரைவாகப் போகும். இந்த இணைப்பு பிறக்கும்போதே முடிந்துபோன வேலை இல்லை.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் திமோதி கெல்லரும் மார்சல் ஜஸ்ட்டும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாசிக்கத் திணறிய 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 35 பேருக்கு 100 மணி நேரம் வாசிப்புப் பயிற்சி. முன்னும் பின்னும் ஸ்கேன். தொடக்கத்தில், நன்றாக வாசிக்கும் பிள்ளைகளைவிட இவர்களுக்கு இடப்பக்க மூளையின் ஒரு பகுதியில் நரம்பிழைகளின் தரம் குறைவு. பயிற்சிக்குப் பின் அதே இடத்தில் தரம் உயர்ந்திருந்தது. எழுத்தை ஒலியாக்கும் திறன் யாருக்கு அதிகம் கூடியதோ, அவர்களிடம் இந்த மாற்றமும் அதிகம்.

எதிரணி அக்கா 2013இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வைச் சொன்னார். 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கு 8 வாரம் தனிக் கணக்குப் பயிற்சி. யார் அதிகம் முன்னேறுவார் என்பதை, நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் அளவும் இணைப்பும் முன்கூட்டியே காட்டின. உண்மைதான், மறுக்கவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை வேகம் மாறும். ஆனால் அதே ஆய்வில் ஐ.க்யூவால் அதைக் கணிக்க முடியவில்லை, அக்கா! 'மக்கு' என்று முத்திரை குத்த நாம் எடுக்கும் அளவுகோலே அங்கே உதவவில்லை. முன்னேற்றமும் பயிற்சி கொடுத்த பிறகுதானே வந்தது?

என் மாணவிக்கு ஸ்கேன் எடுக்க வழியில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவள், ஒரு வரியை விரல் நிற்காமல் வாசித்தாள்.

கெல்லர், ஜஸ்ட் ஆய்வில் இன்னும் 12 பேர் இருந்தார்கள். அவர்களும் வாசிக்கத் திணறியவர்கள்தான். அந்த 100 மணி நேரம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஸ்கேனில் அந்த மாற்றமும் தென்படவில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்த 12 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.