எய்தவர் ஏதல்ரெட், அம்பை ஏன் நோகிறீர்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பசி நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட ஏதல்ரெட்டின் கஜானாவைக் காலி செய்தது ஆலோசகர்களா, அரசரா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய அக்கா, ஆலோசகர்கள்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய முதல் ஆதாரம் ஒரு பட்டப்பெயர். ஏதல்ரெட் என்றால் பழைய ஆங்கிலத்தில் 'மேன்மையான ஆலோசனை'. அவருக்கு வந்த பட்டம் 'உன்ரெட்', அதாவது 'ஆலோசனை கெட்டவர்'. பேரிலேயே தீர்ப்பு இருக்கிறது என்றார் அக்கா. நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அந்தப் பட்டம் மன்னர் செத்து நூறு வருஷத்துக்கும் மேல் ஆன பிறகுதான் எழுத்தில் வருகிறது. அதைச் சாட்சி என்று எப்படி எடுத்துக்கொள்வது? ஊர் வம்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அடுத்து, நாட்டின் தலைமைப் பாதிரியாரான ஆர்ச்பிஷப் சிகெரிக்கைக் கூண்டில் ஏற்றினார். 991-இல் மால்டன் போரில் தளபதி பிர்த்நாத் விழுந்தார். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் கடலோரமெல்லாம் கொள்ளையடித்தார்கள். "பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவோம்" என்று முதலில் யோசனை சொன்னவர் சிகெரிக் என்று அந்தக் காலத்து வரலாற்றுப் பதிவான ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பே சொல்கிறது. ஒத்துக்கொள்கிறேன். கொடுத்தது 10,000 பவுண்டு. அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 240 வெள்ளிப் பென்னி. ஆக, 24 லட்சம் காசு.

சரி, அந்த யோசனை அவ்வளவு பைத்தியக்காரத்தனமா? ஏதல்ரெட்டின் முன்னோரான ஆல்ஃபிரட் மன்னர் 871-இல் இதே எதிரியிடம் சமாதானம் வாங்கினார். சும்மா வாங்கவில்லை, பணம் கொடுத்துத்தான் வாங்கினார் என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. ஆனால் அப்படிக் கிடைத்த மூச்சு விடும் நேரத்தை ஆல்ஃபிரட் வீணாக்கவில்லை. பின்னாளில் கோட்டை நகரங்கள் கட்டினார், கப்பல் கட்டினார், படையை முறை வைத்துப் பிரித்தார். ஏதல்ரெட் என்ன செய்தார்? 994-இல் 16,000 பவுண்டு, 1002-இல் 24,000, 1007-இல் 36,000, 1012-இல் 48,000. தவணை ஏறிக்கொண்டே போனது, கடன் மட்டும் அடையவில்லை. இந்தத் தொகைகள் மிகை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. பாதியாக்கிக்கொள்ளுங்கள், என் வாதம் மாறாது. சிகெரிக் 994-லேயே இறந்துவிட்டார், நடுவர் அவர்களே. 1012-க்கும் அவரா ஜவாப்தாரி?

அந்தக் காசை ஒருதரம் கையில் எடுத்துப் பாருங்கள். நகம் அளவுக்கு மெல்லிய வெள்ளித் தகடு. ஒரு பக்கம் முகம், சுற்றிலும் எழுத்து. என்ன எழுத்து? 'ஏதல்ரெட், ஆங்கிலேயரின் அரசன்'. சிகெரிக் பேரா போட்டிருக்கிறது? இந்தக் காசு இங்கிலாந்து மண்ணில் கிடைத்ததைவிட ஸ்காண்டிநேவியாவில் தோண்டி எடுத்ததுதான் அதிகம். ஊர் ஊராக நாணயச்சாலை, நிலக்கணக்கு வைத்து வரி, சில வருஷத்துக்கு ஒருமுறை பழைய காசை வாங்கிப் புதுக் காசு என்று பிரமாதமான வசூல் இயந்திரம் அது. வசூலிக்கத் தெரிந்த ராஜாவுக்கு அந்தப் பணத்தை வைத்து நாட்டைக் காக்கத் தெரியவில்லை.

"பாவம், சின்னப் பையன், கெட்டவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்" என்றார்கள். 978-இல் பட்டத்துக்கு வந்தபோது பையன்தான். அப்புறம் வளர்ந்தார் அல்லவா? 993-இல் அவரே ஒரு சாசனம் வெளியிட்டார். ஆபிங்டன் மடத்தின் உரிமையைத் தான் பறித்தது தப்பு என்று அதில் வருந்துகிறார். இளமை அறியாமை ஒரு காரணம், யோசனை சொல்ல வேண்டியவர்களின் பேராசை இன்னொரு காரணம் என்கிறார். பிஷப் வுல்ஃப்கார், பிரபு ஏல்ஃப்ரிக் என்று பெயரையும் சொல்கிறார். ஏல்ஃப்ரிக் தன் சகோதரர் எட்வினுக்கு மடாதிபதி பதவியைக் காசு கொடுத்து வாங்கினார். அந்தக் காசு போய்ச் சேர்ந்த இடம் எது? எதிரணி இந்தச் சாசனத்தைத் தங்கள் பக்கத்து ஆவணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது கல்லாவில் உட்கார்ந்தவரின் வாக்குமூலம்.

அந்த ஏல்ஃப்ரிக்கின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 992-இல் லண்டனில் கப்பல் படை திரட்டி, அதற்குத் தலைவராக இருந்தவர்களில் ஒருவராக இவரையும் போட்டார் மன்னர். இவர் எதிரிக்கு ரகசியமாகச் சேதி அனுப்பிவிட்டு, சண்டைக்கு முந்தின ராத்திரி ஓடிப்போனார். மறு வருஷம் மன்னர் தண்டனை கொடுத்தார். யாருக்கு? மகன் ஏல்ஃப்காரின் கண்களைப் பிடுங்கச் சொன்னார்! அப்பா பதவியில் அப்படியே இருந்தார். பத்து வருஷம் கழித்து, 1003-இல், டேனிஷ் அரசன் ஸ்வெயின் படையோடு வருகிறான். எதிர்க்கப் போன படைக்குத் தலைவர் யார்? அதே ஏல்ஃப்ரிக். இரண்டு படையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது மனிதர் ஓங்கரித்து வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். "உடம்பு சரியில்லை" என்றார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளை தோற்றது. படை கலைந்தது, ஸ்வெயின் வில்டன் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனான். ஒருதரம் ஏமாந்தால் ஆலோசகர் குற்றம். அதே ஆளிடம் பத்து வருஷம் கழித்தும் படையைக் கொடுத்தால் அது யார் குற்றம்?

அடுத்தது எட்ரிக். 'ஸ்ட்ரியோனா', வாரிச் சுருட்டுபவர் என்று பட்டம் வாங்கியவர். 1007-இல் அவரை இங்கிலாந்தின் நடுப்பகுதியான மெர்சியாவுக்குத் தலைவராக்கியவர் ஏதல்ரெட். தன் மகளையும் கட்டிக்கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். மறு வருஷம் நாடு முழுக்க நிலக்கணக்கு வைத்துக் கப்பல் கட்டச் சொன்னார்கள். இதற்கு முன் எந்த ராஜா காலத்திலும் இவ்வளவு கப்பல் இருந்ததில்லை என்கிறது ஆண்டுக்குறிப்பு. 1009-இல் எல்லாம் சான்ட்விச் துறைமுகத்தில் நின்றன. எட்ரிக்கின் சகோதரர் பிரித்ரிக், வுல்ஃப்நாத் என்பவர்மேல் கோள்மூட்டினார். அவர் 20 கப்பலோடு பிரிந்து போனார். பிடிக்கிறேன் என்று 80 கப்பலோடு கிளம்பினார் பிரித்ரிக். புயல் அடித்துக் கரையில் மோதிக் கிடந்த கப்பல்களை வுல்ஃப்நாத் வந்து கொளுத்தினார். மீதிக் கப்பல்கள் இருந்தனவே, அவற்றை மன்னர் என்ன செய்தார்? விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்! ஜனங்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கொடுத்த பணம், ஐயா அது. கோள் சொன்னது பிரித்ரிக்தான், மறுக்கவில்லை. வீட்டுக்குப் போன கால் யாருடையது?

கடைசியாக ஒன்று. 1013-இல் ஸ்வெயினிடம் நாட்டைப் பறிகொடுத்து மன்னர் கடலுக்கு அப்பால், பிரான்சின் வடகரையில் இருக்கும் நார்மண்டிக்கு ஓடினார். 1014-இல் ஸ்வெயின் இறந்ததும் அவையினர் ஆள் அனுப்பினார்கள்: உங்களைவிட எங்களுக்கு வேண்டிய ராஜா இல்லை, ஆனால் முன்பைவிட நியாயமாக ஆள வேண்டும் என்று. மன்னர் ஒத்துக்கொண்டுதான் திரும்பினார். பழியெல்லாம் ஆலோசகர்களுடையது என்றால், "எனக்கு நீங்கள் ஒழுங்காக யோசனை சொல்லுங்கள்" என்று அவர் அல்லவா நிபந்தனை போட்டிருக்க வேண்டும்?

மறு வருஷமே ஆக்ஸ்ஃபோர்டு அவையில், சிகெஃபெர்த், மோர்கார் என்ற இரண்டு பிரபுக்களைத் தன் அறைக்கு அழைத்து எட்ரிக் கொன்றார். கொன்றவர் ஆலோசகர்தான், அக்கா. செத்தவர்களின் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டவர் ஏதல்ரெட்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அமர்கிறேன்.